மறு: இழந்த படையணிகளை மீட்கும் ரகசியக் கூட்டம் – ‘கரந்தைசூடிகள்’ எனலாமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

தம்பி தன் மிகுபுனைவுத் தொடருக்குக் கேட்ட சொல்லைப் பற்றி மூன்று நாளாக வரும் மடல்களைப் படித்துக்கொண்டிருக்கிறேன். காட்டுக்குள் சிக்கி அழிந்துபோன மூன்று படையணிகள் (ஆங்கிலத்தில் ‘லெஜியன்’). அவற்றை மறுபடி உண்டாக்காமல் விடுவதில்லை என்று நிலவறையில் கூடிச் சத்தியம் செய்யும் பழைய சிப்பாய்கள். இவர்களை என்ன பெயர் சொல்லி அழைப்பது? உலகம் கற்பனை என்றாலும் ரோமாபுரியின் வரலாற்றிலிருந்துதான் கரு கிடைத்தது என்று தம்பியே எழுதியிருந்தார். அந்த வரலாற்றைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்தால் சொல் தானே கிடைக்கும் என்று தோன்றுகிறது.

> மீட்புப்படை என்று வைத்துவிடலாமே, எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஆனால் வேறொன்றாகப் புரியும். வெள்ளம் வந்தால் ரப்பர் படகோடு வந்து நம்மைக் கரை சேர்ப்பவர்களுக்கு அந்தப் பெயர் ஏற்கெனவே போய்விட்டது. அக்கா சொன்ன ‘மறைபடை’ ஓசையில் நன்றாக இருக்கிறது. ஆனால் பதுங்கியிருந்து பாய்கிறவர்கள் என்றுதான் முதலில் நினைக்கத் தோன்றும். தம்பி இப்போது எழுதிவரும் ‘ரகசிய ராணுவ வழிபாட்டுக் குழு’ விளக்கமே தவிர பெயர் இல்லை. ஒரு பாத்திரம் இன்னொரு பாத்திரத்தின் காதில் அதைக் கிசுகிசுக்க முடியாது.

சரி, நடந்தது என்ன? கி.பி. 9-இல் ஜெர்மனியின் டியூட்டோபர்க் காட்டில் ரோமத் தளபதி வாருஸ் நடத்திப்போன 17, 18, 19 ஆகிய மூன்று படையணிகளையும் ஆர்மீனியஸின் ஜெர்மானியர்கள் சில நாட்களில் அழித்தார்கள். பேரரசர் அகஸ்டஸ் தலையைக் கதவில் மோதிக்கொண்டு, வாருஸின் பெயரைச் சொல்லி ‘என் படையணிகளைத் திருப்பிக் கொடு’ என்று அரற்றியதாக ரோம வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ் எழுதிவைத்திருக்கிறார். ஒவ்வொரு படையணிக்கும் ஒரு கழுகு உண்டு. கம்பத்தின் உச்சியில் சிறகு விரித்த உலோகக் கழுகு. அந்த மூன்றும் எதிரி கைக்குப் போயின. பிறகு ரோமத் தளபதி ஜெர்மானிகஸ் படையெடுத்துப் போய் கி.பி. 15-இல் 19-ஆம் படையணியின் கழுகை மீட்டார். மறு ஆண்டு இன்னொன்று கிடைத்தது. மூன்றாவது, கி.பி. 41-இல் பேரரசர் கிளாடியஸ் காலத்தில்தான் வந்து சேர்ந்தது. முப்பத்திரண்டு வருடம்!

இதில் என் மனத்தைப் பிடித்துக்கொண்ட விஷயம் ஒன்று உண்டு. கழுகுகள் மூன்றும் திரும்பிவிட்டன. ஆனால் அந்த மூன்று எண்களில் ரோம் மறுபடி படை திரட்டவே இல்லை. தம்பியின் கதை இந்த இடைவெளியில்தான் நிற்கிறது. அதனால் நமக்கு இரண்டு வினைச்சொற்கள் வேண்டும். கழுகைத் திரும்பக் கொண்டுவருவது ‘மீட்டல்’. படையணியை மறுபடி உண்டாக்குவதற்கு ‘மீட்டுருவாக்கம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அது உடைந்த பானையை ஒட்டவைக்கும் தொல்லியல்காரரின் சொல்லாக ஒலிக்கிறது. படையைத் திரட்டுவது என்றுதானே சொல்கிறோம்? அப்படியானால் ‘மறுதிரட்டல்’ போதும்.

இனி கூட்டத்தின் பெயர். போரைப் பாடும் பழந்தமிழ்ப் புறத்திணையில் வெட்சி என்றால் ஆநிரை, அதாவது மாட்டு மந்தை, கவர்தல். கவர்ந்து போனதை மீட்டு வருவது கரந்தை. மீட்கப் போகிறவர்கள் கரந்தைப் பூவைச் சூடிக்கொள்வார்கள். கரந்தை ஒரு செடியின் பெயர்தான். ஆனாலும் தமிழ்க் காதில் ‘கரந்த’ என்ற ஓசையும் சேர்ந்தே விழுகிறது. கரத்தல் என்றால் மறைத்தல். பறிபோனதை மீட்கிறவர்கள், அதையும் மறைவாகச் செய்கிறவர்கள் என்ற இரண்டும் ஒரே சொல்லில் வந்துவிடுகின்றன. இதைவிடப் பொருத்தமாக நாம் உட்கார்ந்து ஒன்றைச் செய்ய முடியாது.

இன்னும் ஒன்று. நடுகல்லுக்கான காட்சி (கல்லைத் தேர்ந்து காண்பது), கால்கோள் (அதை எடுத்து வருவது), நீர்ப்படை (நீராட்டுவது) என்ற படிகளைத் தொல்காப்பியம் சொல்வதும் இந்தத் துறைகளோடு சேர்த்துத்தான். நம் நடுகற்களில் ‘தொறு மீட்டுப் பட்டான்’ (மாட்டு மந்தையை மீட்டு இறந்தான்) என்று வெட்டியிருப்பார்கள். ஜெர்மனியில் பான் நகர அருங்காட்சியகத்தில் அப்படி ஒரு கல் இருக்கிறது. 18-ஆம் படையணியின் நூற்றுவர் தலைவன் மார்க்கஸ் கேலியஸுக்கு அவன் தம்பியோ அண்ணனோ, உடன்பிறந்தவன் பூப்ளியஸ் வைத்தது. தலையில் இலைமுடி, மார்பில் பதக்கங்கள், கையில் அதிகாரத்துக்கு அடையாளமான திராட்சைக்கொடிப் பிரம்பு. இருபுறமும் அவன் விடுதலை செய்த அடிமைகள் இருவரின் சிறு உருவங்கள். ஐம்பத்து மூன்றரை வயதில் வாருஸின் போரில் பட்டான் என்று எழுதிவிட்டு, எலும்புகளை இங்கே இட்டுக்கொள்ளலாம் என்று ஒரு வரி. உடல் கிடைக்கவில்லை. கிடைத்தால் வைக்க இடம் விட்டிருக்கிறான். அந்த ஒரு வரியைப் படித்தபோதுதான் தம்பியின் கதைமாந்தர்கள் எதற்காக நிலவறையில் கூடுகிறார்கள் என்று எனக்கு முழுதாக விளங்கியது.

> நம் ஊர்ப் பூ, ரோமானியச் சாயலுள்ள உலகத்தில் ஒட்டுமா?

முந்தைய மடல் ஒன்றில், நேருக்கு நேர் போரிடுவோர் சூடும் தும்பைப் பூவை வைத்துத் ‘தும்பைப்படை’ என்றதற்கு வந்த எதிர்ப்பு இது. கரந்தைக்கும் இதே கேள்வி வரும். கிரிக்கெட் கோப்பையை வென்ற அணி ‘வாகை சூடியது’ என்று நாளிதழில் தினமும் எழுதுகிறோம்; யாரும் வாகைப் பூவைத் தேடுவதில்லை. கரந்தைக்கும் அந்த உரிமை உண்டு. ‘கரந்தையார்’ என்று மட்டும் வேண்டாம். தஞ்சையின் கரந்தைப் பகுதியும், அங்கே 1911-இல் தோன்றிய தமிழ்ச் சங்கமும் நினைவுக்கு வந்துவிடும். பிறைசூடி என்கிற மாதிரி ‘கரந்தைசூடி’, பன்மையில் ‘கரந்தைசூடிகள்’.

வழிபாடு என்பதை மட்டும் தம்பி இரண்டாகப் பிரித்துக்கொண்டால் நல்லது. ரோமப் படையில் கழுகுக்கு நடந்த வழிபாடு ரகசியமே இல்லை. முகாமின் நடுவில் அதற்கென்று சிறு கோயில், அதன் அடியில் சிப்பாய்களின் சேமிப்புப் பணம், மே மாதத்தில் கம்பங்களுக்கு ரோஜா மாலை. சிரியாவின் துரா யூரோப்போஸ் என்ற பழைய நகரில் கிடைத்த பாப்பிரஸ் நாட்காட்டியில் அந்த விழா நாள் இருக்கிறது. ரகசியம் என்றால் அது ரோமச் சிப்பாய்களிடையே பரவியிருந்த மித்ரா என்ற தெய்வத்தின் வழிபாடு: குகை போன்ற அறை, இருபுறமும் திண்ணை, காகத்தில் தொடங்கித் தந்தையில் முடியும் ஏழு படிகள். முன்னதைக் ‘கோல்வழிபாடு’ என்றும் பின்னதை ‘மறைநெறி’ என்றும் சொல்லலாம். உள்ளே சேர்க்கும் சடங்குக்குத் ‘தீட்சை’ இருக்கவே இருக்கிறது.

‘கழுகுக்கொடி’ என்று ஓரிருவர் எழுதியிருக்கிறீர்கள். கொடி என்றால் துணி பறக்கும். இது கம்பமும் உருவமும். ‘கழுகுக்கோல்’ சரியாக இருக்கும். ‘லெஜியன்’ வேண்டும் என்பவர்களுக்கு: தமிழ் வேதாகமத்தில் ‘லேகியோன்’ என்று அது எப்போதோ வந்துவிட்டது. ஆனால் அங்கே அது பேய்களின் கூட்டத்துக்கும் பெயராக நிற்பதால், இந்தக் கதைக்குப் ‘படையணி’யே நல்லது.

எல்லாவற்றையும் ஒரு வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன்: “கழுகுக்கோலை மீட்டுவிட்டோம், பதினெட்டாம் படையணியின் மறுதிரட்டல் முடியும்வரை கரந்தைசூடிகள் எவரும் ஊர் திரும்புவதில்லை.” வாய்விட்டுப் படித்தால் எனக்கு எங்கும் தடுக்கவில்லை.

கோலைத் தூக்கிச் செல்பவனுக்குக் ‘கோலேந்தி’யா, ‘கழுகேந்தி’யா என்பதில் மட்டும் மனம் இன்னும் நிலைகொள்ளவில்லை. தம்பி அடுத்த அத்தியாயத்தை அனுப்புவதற்குள் சொல்லுங்கள்.