மோட்டோரோ திருக்கைக்கு 6 அடித் தொட்டி போதுமா? பில்டர் பற்றியும் சொல்லுங்கள்

வேல்:
வணக்கம். மோட்டோரோ என்ற ஆற்றுத் திருக்கைக் குட்டி ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன், உடல்வட்டு (வால் இல்லாமல் வட்ட உடலின் அகலம்) 15 செ.மீ. இருக்கும். என் தொட்டி 6 அடி நீளம், 2 அடி அகலம், இரண்டரை அடி உயரம், சுமார் 850 லிட்டர். இரண்டு கேனிஸ்டர் பில்டர் (தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய வடிகட்டி). பெட்டியில் ஒவ்வொன்றுக்கும் மணிக்கு 1500 லிட்டர் என்று போட்டிருக்கிறது. இப்போது சில்வர் டாலர் மீன்கள் மட்டும் இருக்கின்றன. கனமாகத் தீனி போட்ட நாளில் அம்மோனியா 0.25 பி.பி.எம். (லிட்டருக்கு மில்லிகிராம்) காட்டுகிறது, மறுநாள் பூஜ்யம். பி.ஹெச். 7.8. இந்த நிலையில் குட்டியை விடலாமா? இன்னொரு கேனிஸ்டர் சேர்த்தால் சரியாகுமா?

குளத்துமீன்:
தம்பி, லிட்டர் கணக்கை விட்டுவிட்டு அகலத்தைப் பாருங்கள். திருக்கை தரையில் வாழும் உயிர், அதற்கு வேண்டியது தரைப்பரப்பு. தொட்டியில் வளரும் மோட்டோரோவுக்கே உடல்வட்டு 45-50 செ.மீ. வரை வரும், வால் தனி. உங்கள் அகலம் 61 செ.மீ.தான். அது திரும்பும்போதெல்லாம் ஓரமும் வாலும் கண்ணாடியில் உரசும். இரண்டரை அடி உயரம் அதற்கு எந்த விதத்திலும் பயன்படாது; சுத்தம் செய்ய நீங்கள்தான் தோள்வரை கையை விடவேண்டும், கீழே விஷமுள்ளோடு ஒரு திருக்கை படுத்திருக்கும்.

குட்டியைச் சில மாதம் வளர்க்க இது போதும். பெரிதானதற்கு 8 அடிக்கு 4 அடி, உயரம் 2 அடி. "பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்று வாங்கி, மாற்ற முடியாமல் திருக்கையை முடக்கிப் போட்ட தொட்டிகளை நிறையப் பார்த்துவிட்டேன். பெரிய தொட்டிக்கு இடம் உறுதியான பிறகு வாங்குங்கள்.

அடிநீர்:
அந்த 0.25-ஐ லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சில்வர் டாலர்களுக்கே பில்டர் ஒரு ராத்திரி திணறுகிறது என்று அர்த்தம். திருக்கை புழு, இறால், மீன்துண்டு என்று புரதமாகவே தின்னும், கழிவும் அதற்கேற்றபடிதான். கடல் திருக்கைகள் ரத்தத்தில் யூரியாவைத் தேக்கி வைக்கும். ஆற்றுத் திருக்கைகள் அந்தத் திறனை இழந்தவை, கழிவைப் பெரும்பாலும் அம்மோனியாவாகவே வெளியேற்றும். பி.ஹெச். ஒரு புள்ளி ஏறினால் அம்மோனியாவில் விஷமான பங்கு ஏறக்குறைய 10 மடங்காகும். 6.8-இல் தாங்கக்கூடிய அளவு 7.8-இல் ஆபத்து.

பெட்டியில் போட்ட 1500 லிட்டர் காலி பில்டருக்கான கணக்கு. மீடியா (கழிவை மாற்றும் பாக்டீரியா குடியிருக்கும் பொருள்) நிரப்பி, அழுக்கும் சேர்ந்தால் வெகுவாகக் குறையும். மூன்றாவது கேனிஸ்டர் வேண்டாம், சம்ப் போடுங்கள், அதாவது தொட்டிக்குக் கீழே பில்டராக ஓடும் இன்னொரு தொட்டி. அதன் கொள்ளளவு பெரிய தொட்டியில் நாலில் ஒரு பங்காவது இருக்கட்டும், மணிக்கு ஐந்தாறு முறை தண்ணீர் சுற்றட்டும். சம்பில் முதலில் சாக்ஸ் (கழிவைப் பிடிக்கும் துணிப்பை), அதை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கழுவாவிட்டால் உள்ளே தங்கிய கழிவே அம்மோனியாவாகும். மீடியாவைக் குளோரின் உள்ள குழாய்த் தண்ணீரில் காட்டாதீர்கள். கே.ஹெச். (தண்ணீரின் காரத்தன்மை அளவு) கூடப் பாருங்கள். ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்ற பாக்டீரியா சுமார் 7 மில்லிகிராம் காரத்தன்மையைத் தின்றுவிடும். அது தீர்ந்தால் பி.ஹெச். சரியும், பில்டரும் படுத்துவிடும்.

வேல்:
ரொம்ப நன்றி அண்ணா. தரைக்கு மணல் போடலாமா? ஹீட்டர் தொட்டிக்குள்தான் இருக்கிறது. கரண்ட் போனால்?

குளத்துமீன்:
மெல்லிய மணல், ஒரு அங்குலம் போதும். கூரான சரளை அடிவயிற்றைக் கிழிக்கும். ஹீட்டரைச் சம்புக்கு மாற்றுங்கள். உள்ளே இருந்தால் திருக்கை அதன் மேலேயே போய்ப் படுத்து வெந்துபோகும். சூட்டை உணர்ந்து விலகும் என்று நம்பாதீர்கள். 26-28 டிகிரி போதும்.

அடிநீர்:
கரண்ட் போனால் தொட்டியிலிருந்து வழியும் தண்ணீரைத் தாங்க சம்பில் காலியிடம் வையுங்கள். பேட்டரியில் ஓடும் ஏர்பம்ப் கட்டாயம், ஏர்ஸ்டோனைத் தரைவரை இறக்குங்கள்.

உடல்வட்டின் ஓரம் மேல்நோக்கிச் சுருண்டால் காத்திருக்க வேண்டாம். உடனே அம்மோனியாவும், அதிலிருந்து பாக்டீரியா உண்டாக்கும் நைட்ரைட்டும் பார்த்து, குளோரின் நீக்கிய, அதே சூடுள்ள தண்ணீரில் பாதி மாற்றுங்கள். முள் உங்களைக் குத்தினால், குத்திய இடத்தைத் தாங்கக்கூடிய சூட்டில், சுமார் 45 டிகிரி வெந்நீரில் முக்கிக்கொண்டே மருத்துவமனைக்குப் புறப்படுங்கள்.

வேல்:
எதை முதலில் செய்வது?

அடிநீர்:
8 அடித் தொட்டியும் சம்பும். பழைய கேனிஸ்டர்களை மீடியாவோடு அதிலேயே ஓட விடுங்கள், சம்பிலும் பாக்டீரியா சீக்கிரம் வளரும். இப்போதைய மீன்களைப் பழைய தொட்டியில் தனிப் பில்டரோடு வையுங்கள். மீனில்லாத புதுத் தொட்டியில் 2 பி.பி.எம். அளவுக்கு அம்மோனியா கலந்து, 24 மணி நேரத்தில் அதுவும் நைட்ரைட்டும் பூஜ்யமாகின்றனவா பாருங்கள். தொடர்ந்து சில நாள் அப்படி வந்தால் குட்டியைக் கொண்டுவாருங்கள்.