கண்ணெதிரே நடந்த விபத்து, மனதை விட்டுப் போகாத நொடி: உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

மழைத்துளி எழுதியது:

எட்டு மாதம் ஆகிறது. இன்னும் தூக்கத்தில் வருகிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்கு முன்னால் ஒரு பையன் பைக்கில் போய்க்கொண்டிருந்தான். பெரிய வேகம் ஒன்றும் இல்லை, 40 இருக்கும். வளைவில் மணல் சிதறிக் கிடந்தது. முன் பிரேக்கை அழுத்திவிட்டான் போல. வண்டி ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். அவன் தலை தரையில் படுவதற்கு முன்பே ஹெல்மெட் கழன்றுவிட்டது. அது மட்டும் உருண்டு உருண்டு வந்து என் முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்றது.

நான் அதைக் கையில் எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று தெரியவில்லை. கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை. தாடைக்குக் கீழே மாட்டும் கொக்கியைச் சுற்றி, வாங்கும்போது இருக்குமே மெல்லிய பிளாஸ்டிக் உறை, அதுகூடப் பிரிக்காமல் அப்படியே இருந்தது.

கூட்டம் கூடியது. யாரோ தண்ணீர் பாட்டிலை நீட்டினார்கள். நான்தான் அவன் தலையைத் தூக்கி மடியில் வைத்து வாயில் ஊற்றினேன். பாதி வெளியே வழிந்தது. ஆம்புலன்ஸ் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. 'பாவம், ஹெல்மெட் போட்டும் போய்விட்டான்' என்று ஒருவர் சொன்னார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. தலையில் வைத்திருந்தான், மாட்டவில்லை.

உங்களுக்கும் இப்படி ஏதாவது இருந்தால் எழுதுங்கள். மனதிலேயே வைத்திருக்க முடியவில்லை.

பின்சீட் எழுதியது:

என் சித்தி. காரில் நான்கு பேர். முன்னால் சித்தப்பாவும் நானும் பெல்ட் போட்டிருந்தோம். பின்னால் சித்தியும் தங்கையும் போடவில்லை. நாங்களும் சொல்லவில்லை. பின்னால் உட்காருகிறவர்களுக்கு எதற்கு என்ற நினைப்புதான்.

பாலத்தின் கட்டைச் சுவரில் மோதினோம். சத்தம் கூட எனக்கு ஞாபகம் இல்லை. என் முதுகில் யாரோ ஓங்கி உதைத்தது போல இருந்தது, அதுதான் ஞாபகம். உதைத்தது சித்தி. அவருடைய உடம்பு முழுவதும் என் சீட்டின் முதுகில் வந்து மோதியிருக்கிறது. எனக்கு இரண்டு விலா எலும்பு முறிந்தது. சித்தி பிழைக்கவில்லை. தங்கை மூன்று மாதம் படுக்கையில் இருந்தாள்.

பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 50 கி.மீ. வேகத்தில் போகும் கார் சட்டென்று நின்றால், உள்ளே கட்டப்படாமல் இருப்பவர் 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். மூன்றாவது மாடி. மூன்றாவது மாடி விளிம்பில் சித்தியை உட்கார வைப்போமா நாங்கள்? காரின் பின்சீட்டில் வைத்தோம், சிரித்துப் பேசிக்கொண்டே.

இன்று நாம் போடும் மூன்று முனை பெல்ட்டை 1959இல் வோல்வோவில் நில்ஸ் போலின் என்ற பொறியாளர் கொண்டுவந்தார். எல்லாக் கம்பெனிகளும் செய்துகொள்ளட்டும் என்று காப்புரிமையையும் திறந்துவிட்டார்கள். அவ்வளவு காலமாக அது நம் தோளுக்குப் பக்கத்திலேயே தொங்குகிறது. கையை நீட்டி இழுக்க இரண்டு நொடி. அந்த இரண்டு நொடிதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கிறது.

ஆறுசக்கரம் எழுதியது:

நான் லாரி ஓட்டுபவன். எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

டயர் வெடித்தது. இரவு பதினொரு மணி. ஓரம் கட்டினேன். ஆனால் பின்பக்கம் பாதி ரோட்டிலேயே நின்றது, ஓரத்தில் பள்ளம். பின்விளக்கில் ஒன்று ஏற்கனவே எரியவில்லை, மாற்ற வேண்டும் என்று பத்து நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பின்னால் வருகிறவர்களை எச்சரிக்க ரோட்டில் வைக்கும் முக்கோணப் பலகை சீட்டுக்கு அடியில் இருந்தது. ஜாக்கியை எடுத்துவிட்டு வந்து வைக்கலாம் என்று நினைத்தேன்.

வண்டிக்கு அடியில் படுத்திருந்தபோது லாரி லேசாக ஆடியது. அவ்வளவுதான். பெரிய சத்தம் இல்லை. ஏதோ தட்டியது போல இருந்தது. வெளியே வந்து பார்த்தால் பைக்கின் முன்பாதி லாரிக்கு அடியில். பின்னால் விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

அந்தத் தம்பி என்னைப் பார்த்திருக்கவே முடியாது. 70இல் வந்திருந்தால் கண்ணில் பட்டு, மூளைக்கு எட்டி, பிரேக் பிடித்து நிற்க 60 மீட்டராவது வேண்டும். லோ பீமில் வெளிச்சம் இல்லாத ஒரு பொருள் அதற்குள் பாதி தூரத்தில்தான் கண்ணுக்குத் தெரியும். நான் முக்கோணத்தை நூறு எட்டு நடந்து வைத்திருந்தால் போதும். ஜாக்கி முதலா பலகை முதலா என்று யோசித்தபோது ஜாக்கியை எடுத்தேன். இப்போது வண்டி நின்றால் முதலில் பலகை. பிறகுதான் மூச்சு விடுவேன்.

வெள்ளைக்கோடு எழுதியது:

எல்லோருக்கும் வருத்தம் தெரிவிக்கிறேன். ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். மழைத்துளி, அந்தப் பையன் வார் மாட்டாததைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள். வளைவில் மணலைச் சிந்திவிட்டுப் போனவனைப் பற்றி ஒரு வரி இல்லை. ஆறுசக்கரம் அண்ணா, லாரி ஒதுங்க ஓரம் இல்லாமல் ரோடு போட்டவர்களைப் பற்றி நீங்கள் பேசவே இல்லை. செத்தவன் மேல் பழி போடுவது சுலபம், திரும்பிப் பதில் சொல்ல மாட்டான்.

என் அனுபவம் சின்னது. நான் தினமும் நிற்கும் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஆறு வழிச் சாலை. ஒரு பெரியவர் நடுவில் நின்றார், முன்னால் போகவும் முடியவில்லை, பின்னால் வரவும் முடியவில்லை. கையிலிருந்த பையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடிதான் எனக்கு நினைவிருக்கிறது. அடுத்த நொடி அவர் அங்கே இல்லை. 'கவனமாகக் கடக்க வேண்டாமா' என்றார்கள். எங்கே கடப்பது? நடுவில் நிற்க ஓர் அடி மேடை இல்லை, சிக்னல் இல்லை.

ஸ்வீடனில் 1997இல் நாடாளுமன்றமே ஒரு முடிவு எடுத்தது, சாலையில் ஓர் உயிர்கூடப் போகக் கூடாது என்று. மனிதன் தவறு செய்வான், அந்தத் தவறுக்குத் தண்டனை மரணமாக இருக்கக் கூடாது, அதற்கேற்ற மாதிரி ரோட்டைப் போடு என்பதுதான் அதன் அடிப்படை. சிக்னல் சந்திப்புக்குப் பதில் ரவுண்டானா வைத்தால் மோதல் நடந்தாலும் சாய்வாக உரசி, மெதுவாக நடக்கும். இரண்டு வழிச் சாலையின் நடுவே கம்பித் தடுப்பு வைத்தால் நேருக்கு நேர் மோதுவதே குறைந்துவிடும். ஆட்கள் நடக்கும் தெருவில் 30க்கு மேல் போக முடியாதபடி சாலையையே குறுக்கிக் கட்டலாம், பலகை மட்டும் நட்டால் யாரும் கேட்க மாட்டார்கள். அடி வாங்கும் பாதசாரிக்கு 30 என்பது பெரும்பாலும் பிழைக்கும் வேகம். கார் 50லிருந்து 65க்கு ஏறினால் அவர் சாகும் வாய்ப்பு நாலரை மடங்காகிறது. உங்கள் பகுதியில் விபத்து நடந்த இடத்தைக் குறித்து வையுங்கள். எத்தனை முறை, எந்த நேரத்தில் என்று எழுதுங்கள். நிலை விளக்கு எரிகிறதா, மரக்கிளை பலகையை மறைக்கிறதா, வெள்ளைக்கோடு தேய்ந்துவிட்டதா பாருங்கள். படத்தோடு எழுதிக் கொடுங்கள். பதில் வரவில்லையா, மறுபடியும் கொடுங்கள். ஒரே இடத்தில் மூன்று முறை நடந்தால் அது ஓட்டுநரின் தவறு மட்டும் இல்லை, அந்த இடத்தின் தவறும்தான்.

இரவுப்பணி எழுதியது:

வெள்ளைக்கோடு, நீங்கள் சொல்வது சரி. ஆனால் ரோடு சரியாகும் வரை நாளை காலை வண்டி எடுக்கிறவன் என்ன செய்வான்? வார் மாட்டுவதைப் பற்றிப் பேசினால் பழி போடுவதாக ஏன் எடுத்துக்கொள்கிறீர்கள்? இரண்டும் வேண்டும்.

நான் அவசரப் பிரிவில் செவிலியர். பதினோரு வருஷம். மழைத்துளிக்கு ஒன்று சொல்ல வேண்டும், தயவுசெய்து தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அடுத்த முறை யாருக்கும் தண்ணீர் கொடுக்காதீர்கள். நினைவில்லாதவருக்கு அது மூச்சுக்குழலுக்குள் போகும். தலையையும் தூக்காதீர்கள், கழுத்து எலும்பு உடைந்திருந்தால் தண்டுவடம் நசுங்கும். வாந்தி எடுத்தாலோ மூச்சு அடைத்தாலோ மட்டும், தலை, கழுத்து, முதுகு மூன்றும் ஒரே கட்டையாக இருக்கும்படி மெல்லப் பக்கவாட்டில் திருப்புங்கள். ரத்தம் வந்தால் துணியை வைத்து விடாமல் அழுத்துங்கள், எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. மூச்சு தடைபடாதவரை ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டாம்.

அந்தப் பையன் நீங்கள் ஊற்றிய தண்ணீரால் போகவில்லை. வார் மாட்டாத தலை தரையில் பட்டபோதே போயிருப்பான். இதை நம்புங்கள்.

என்னைத் தூங்க விடாத நாள் எது என்று கேட்டால், ஓர் அப்பா. மகனைக் கொண்டுவந்தார்கள். முழங்கையில் ஹெல்மெட் வார் பதிந்த தடம், வட்டமாக, சிவப்பாக. விழும்போதும் கையில்தான் தொங்கியிருக்கிறது. அந்தத் தடத்தை அப்பா தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார். அதுதான் பெரிய காயம் என்று நினைத்துவிட்டார். 'இது எப்போ ஆறும் சிஸ்டர்' என்று கேட்டார். உள்ளே என்ன நடந்திருக்கிறது என்று அவருக்கு இன்னும் யாரும் சொல்லியிருக்கவில்லை.

'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' என்று பெயர் பெற்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி டி. ஈ. லாரன்ஸ் 1935இல் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து, ஆறு நாள் நினைவில்லாமல் கிடந்து இறந்தார். அவரைப் பார்த்த மூளை அறுவை மருத்துவர் ஹியூ கெய்ர்ன்ஸ் அதை மறக்கவில்லை. ராணுவத்தில் பைக் ஓட்டித் தகவல் கொண்டுபோனவர்களின் தலைக் காயங்களை ஆராய்ந்து 1941இல் எழுதினார். ஹெல்மெட் கட்டாயமானதற்குப் பின்னால் அந்த ஒரு மனிதரின் உறுத்தல் இருக்கிறது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் ஹெல்மெட் சாவை 42 சதவீதமும் தலைக் காயத்தை 69 சதவீதமும் குறைக்கிறது என்கிறார்கள். தலையில் ஒழுங்காக மாட்டியிருந்தால்.

சைக்கிள்மணி எழுதியது:

சுருக்கமாகச் சொல்கிறேன். ஓரமாக நின்ற காரிலிருந்து இறங்கக் கதவைத் திறந்தேன். கண்ணாடியில் பார்க்கவில்லை, கையில் போன். சைக்கிளில் வந்த அம்மா கதவில் மோதி ரோட்டின் நடுப்பக்கம் விழுந்தார். பின்னால் வந்த வேன் அவரை ஒட்டி நின்றது. பிழைத்துவிட்டார், தோள்பட்டை மட்டும் விலகியது. அவர் விழும் வரை அடித்த மணிச் சத்தம் என் காதில் இன்னும் இருக்கிறது. முன்னமே அடித்துக்கொண்டுதான் வந்திருக்கிறார். எனக்குக் கேட்கவில்லை.

இப்போது கதவுக்குத் தூரமாக இருக்கும் கையால்தான் திறக்கிறேன். அப்படித் திறந்தால் உடம்பு தானாகத் திரும்பிப் பின்னால் பார்க்க வைக்கிறது. டிரைவர் சீட்டோ பின்சீட்டோ, எங்கே உட்கார்ந்தாலும் இதைப் பழகிக்கொள்ளலாம்.

விடியல் எழுதியது:

யாரையும் கொல்லவில்லை. கொன்றிருப்பேன். அதிகாலை மூன்றரை, 90இல் போகிறேன், சக்கரத்துக்கடியில் தடதடவென்று சத்தம். கண்ணைத் திறந்தேன். திறந்தேன் என்றால் மூடியிருந்தது என்று அர்த்தம், அது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. ஓரத்தில் போட்டிருந்த சொரசொரப்புக் கோடுதான் என்னை எழுப்பியது. பக்கத்தில் மனைவி, பின்னால் குழந்தை, இருவரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அன்று வெள்ளைக்கோடு சொன்ன மாதிரி ரோடுதான் எங்களைக் காப்பாற்றியது, என் கவனம் இல்லை.

அதற்கு முன் ஒரு மணி நேரமாக ஜன்னலைத் திறந்து வைத்தேன், பாட்டை உரக்க வைத்தேன், கன்னத்தில் அறைந்துகொண்டேன். ஒன்றும் உதவவில்லை. 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கைகால், ரத்தத்தில் 0.05 சதவீத மது இருப்பவரின் நிலையில்தான் இயங்குகிறது. நான் அன்று 21 மணி நேரம் விழித்திருந்தேன். குடித்துவிட்டு ஸ்டியரிங்கைத் தொட மாட்டேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறவன் நான்.

கொட்டாவி இரண்டாவது முறை வந்தால் நிறுத்துங்கள். பாதுகாப்பான இடத்தில் வண்டியை விட்டு 20 நிமிடம் தூங்குங்கள், அலாரம் வைத்து. எழுந்தவுடன் ஓட்டாதீர்கள், பத்து நிமிடம் நடந்துவிட்டு ஓட்டுங்கள். இரவு ஒரு மணிக்கு மேல் விடியும் வரை முடிந்தால் கிளம்பவே கிளம்பாதீர்கள். காலையில் போனால் இரண்டு மணி நேரம் தாமதமாகும், அவ்வளவுதான். நான் கிளம்பியதும் அந்த இரண்டு மணி நேரத்தை மிச்சம் பிடிக்கத்தான்.

பின்சீட் எழுதியது:

விடியல், குழந்தை பின்னால் பெல்ட்டோடு இருந்ததா?

விடியல் எழுதியது:

இல்லை. மனைவியின் மடியில் கொஞ்ச நேரம், பிறகு பின்னால் படுக்க வைத்தோம். உங்கள் பதிவைப் படித்த அன்றே குழந்தைக்கான இருக்கை வாங்கினேன். கொஞ்ச நேரம் அழுகிறான். அழட்டும்.

ஆறுசக்கரம் எழுதியது:

வெள்ளைக்கோடு தம்பி, நீங்கள் என் மேல் பழி இல்லை என்று சொல்ல வருகிறீர்கள், நல்ல மனசு. ஆனால் பலகை என் சீட்டுக்கு அடியில் இருந்தது. ஓரம் இல்லாத ரோடும் உண்மை, அதுவும் உண்மை. எனக்கு இரண்டில் ஒன்று மட்டும் போதாது.

வெள்ளைக்கோடு எழுதியது:

அண்ணா, மன்னியுங்கள். உங்களைக் குறைத்துச் சொல்லவில்லை. உலகம் முழுவதும் 2021இல் மட்டும் சாலையில் 11.9 லட்சம் பேர் போனதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதில் பாதிக்கு மேல் நடந்தவர்கள், சைக்கிளில், பைக்கில் போனவர்கள். 5 முதல் 29 வயது வரை உள்ளவர்களைப் பறிப்பதில் இதுதான் முதல் இடம். இத்தனை பேரும் கவனமில்லாதவர்களா என்று நினைக்கும்போது எனக்குக் கோபம் வந்துவிடுகிறது. உங்கள் மேல் இல்லை.

மழைத்துளி எழுதியது:

இரவுப்பணி அக்கா, நீங்கள் எழுதியதை நாலு தடவை படித்தேன். முதல் தடவை அழுகை வந்தது. அந்தத் தண்ணீர்தான் என்னை அரித்துக்கொண்டிருந்தது, ஹெல்மெட் இல்லை. யாரிடமும் கேட்கப் பயமாக இருந்தது. நன்றி.

வெள்ளைக்கோடு, நேற்று அந்த வளைவுக்குப் போனேன். மணல் இன்னும் இருக்கிறது, உள் ஓரமாகக் குவிந்து கிடக்கிறது. மழையில் கொஞ்சம் இறுகியிருக்கிறது. நானும் தம்பியும் மண்வெட்டியும் துடைப்பமும் கொண்டுபோனோம். அவன் வளைவுக்கு முன்னால் நின்று வண்டிகளுக்குக் கை காட்டினான், நான் கூட்டினேன். ஒரு மணி நேரம் ஆனது. நாலு மூட்டை அள்ளினோம். பெருக்கின பிறகு, பெருக்குவதற்கு முன், இரண்டையும் படம் எடுத்து வைத்திருக்கிறேன். எங்கிருந்து சிந்துகிறது என்றும் பார்த்துவிட்டேன், பக்கத்தில் கட்டிடம் எழுகிறது, வண்டி திரும்பும்போது கொட்டுகிறது. கடிதம் எழுத வேண்டும், எப்படி ஆரம்பிப்பது என்று கொஞ்சம் சொல்லித் தருவீர்களா?