கட்டுரையைத் திரும்பப் பெறுவது எப்படி? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். தூத்துக்குடி உப்பளங்களில் வேலை செய்யும் பெண்களின் உடம்பை வெயிலும் நீர்க்குறைவும் என்ன செய்கின்றன என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. பக்கத்தில் கழிப்பறை இல்லாததால் வேலை முடியும்வரை தண்ணீரையே தவிர்க்கும் அக்காமாரிடம் இரண்டு கோடையாகப் பேசிச் சேர்த்த தரவு.

போன மாதம் அவசரப்பட்டு ஓர் இணைய ஆய்விதழுக்கு அனுப்பிவிட்டேன். வேதியியல், மருத்துவம், மேலாண்மை எல்லாம் ஒரே இதழில் போடுகிறார்கள். நான்காம் நாளே ஏற்றுக்கொண்டதாக மின்னஞ்சல். அட்டவணையில் 38 டிகிரி என்பது 83 என்று விழுந்திருந்தது. மதிப்பாய்வாளர் இருவருமே அதைக் கவனிக்கவில்லை. ஒருவர் ‘படங்களைத் தெளிவாக்கவும்’ என்கிறார். கட்டுரையில் படமே கிடையாது.

வேண்டாம் என்று எழுதினேன். திரும்பப் பெறவும் பணம் கட்டச் சொல்கிறார்கள். பதிப்புரிமைப் படிவத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை, ஒரு ரூபாயும் கட்டவில்லை. அப்படியிருந்தும் அவர்கள் வெளியிட்டுவிட்டால் வேறு இதழில் எடுப்பார்களா? இப்படிச் சிக்கி மீண்டவர்கள் என்ன எழுதி அனுப்பினீர்கள்?

பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022 விதிமுறையில் ஆய்வேடு சமர்ப்பிக்கக் கட்டுரை கட்டாயமில்லை. ஆனாலும் எங்கள் துறையில் கேட்கிறார்கள். தரமான இதழ்கள் இவை என்று யுஜிசி வைத்திருந்த கேர் பட்டியலையும் 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டார்கள்; இப்போது நீங்கள் எதை வைத்து இதழைத் தேர்ந்தெடுக்கிறீர்கள்?

தொழில்சார் உடல்நலத்தில் கட்டணம் இல்லாத, ஒழுங்காக மதிப்பாய்வு செய்யும் இதழ் தெரிந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். ஆறு மாதம் காத்திருக்கச் சொன்னாலும் பரவாயில்லை. அந்த அக்காமார் சொன்னது மருத்துவர்கள் படிக்கிற இடத்தில் வர வேண்டும்.