டெலிகிராம் குழுவில் போலிக் கணக்குகள்: வழி சொல்லுங்க

ஈரோடு மாவட்டத்தில் கோபி, சத்தி, பவானி பக்கத்து மஞ்சள் விவசாயிகளுக்கு டெலிகிராமில் ஒரு பொதுக் குழு நடத்துகிறோம். சுமார் 400 பேர். தை அறுவடை தொடங்கியதிலிருந்து போலிக் கணக்குகள் கூட்டமாக நுழைகின்றன.

பெரும்பாலும் நடுராத்திரியில்தான் வரும். ஒரே நிமிஷத்தில் ஏழெட்டு. படம் இருக்காது, பெயருக்குப் பின்னால் எண்கள். சில நாள் சத்தமில்லாமல் கிடக்கும். அப்புறம் ஈரோட்டு ஏல விலைப் பதிவுக்குக் கீழேயே கிரிப்டோ லிங்க். அதைவிட மோசம், வயசானவர்களுக்குத் தனியாகச் செய்தி போவது.

உறுப்பினர் பட்டியலை மறைத்தாச்சு. பெரிய குழுக்களுக்குக் கிடைக்கும் தீவிர ஸ்பேம் தடுப்பும் போட்டிருக்கிறோம். கொஞ்சம் குறைந்தது, நிற்கவில்லை. வருவது மனுஷன்தானா என்று பார்க்க, பொத்தானை அழுத்தச் சொல்லும் கேப்சா பாட் (தானியங்கி நிரல்) வைத்தோம். போலிகள் தாண்டிவிட்டன, மாட்டியது எங்க பெரியப்பாமார்தான்! அட்மின் ஒப்புதல் முறை பலன் தருகிறது, ஆனால் பகலில் எல்லோரும் காட்டில் நிற்கிறோம், விண்ணப்பம் குவிகிறது. குழுவின் பெயரை நோட்டீஸ் அடித்து மண்டிகளில் ஒட்டியதால் மாற்றவும் வழியில்லை.

சேர வருபவரிடம் 'மஞ்சளில் கிழங்கு தவிர இன்னொரு ரகம் எது?' என்று தமிழில் கேட்டு, 'விரலி' என்றால் மட்டும் தானாக ஒப்புதல் தரும் பாட் எதையாவது யாரேனும் பயன்படுத்துகிறீர்களா?