புதுப்பிப்பு: காலாண்டு விடுமுறையில் இலங்கை போய் வந்தோம்

யானை பார்க்க யாலா தேசியப் பூங்காவா மின்னேரியா தேசியப் பூங்காவா, அம்மாவால் சிகிரியா பாறைக்கோட்டை ஏற முடியுமா என்று கடலூரிலிருந்து கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

மின்னேரியா என்றவர்கள் சரியாகச் சொன்னீர்கள். யாலாவின் முக்கியப் பகுதியை வழக்கமாக செப்டம்பரில் மூடிவிடுகிறார்கள். மின்னேரியாவில் அந்தச் சமயத்தில்தான் ஏரி வற்றி, நீர் விலகிய தரையில் பசும்புல் முளைக்கிறது. அதை மேயத்தான் சுற்றுக்காடுகளிலிருந்து யானைகள் கூட்டம் கூட்டமாக வருகின்றன. ஏறக்குறைய 1,700 ஆண்டுகளுக்கு முன் மகாசேன மன்னன் வெட்டுவித்த ஏரி அது! பெரிய யானைகள் குட்டிகளை நடுவில் விட்டு நடந்தபோது சின்னவன் ஜீப்பில் பேச்சே இல்லாமல் உட்கார்ந்திருந்தான். ஒரே ஒரு வேண்டுகோள்: பக்கத்தில் போகச் சொல்லி ஓட்டுநரை அவசரப்படுத்தாதீர்கள். யானைகளுக்கு அது தொந்தரவு.

சிகிரியாவில் ஏறத்தாழ 1,200 படிகள். அம்மா கீழே நீர்த்தோட்டத்திலேயே இருந்துவிட்டார். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அதுவே போதும்.

அம்மாவுக்குப் பிடித்தது பழைய தலைநகரான பொலன்னறுவை. அங்கே சோழர் கட்டிய வானவன் மாதேவி ஈச்சரம், முழுக்கக் கல்லால் ஆன சிறிய சிவன் கோயில். சுவரில் தமிழ்க் கல்வெட்டு. எழுத்துகளை விரலால் காட்டிக் காட்டி, பெரியவளிடம் இராசேந்திர சோழன் கதையைச் சொல்லிக்கொண்டே இருந்தார். அங்கிருந்து கிளம்பவே எங்களுக்கு மனமில்லை.

அப்புறம், பொலன்னறுவையில் கிடைத்த சோழர் பாணி நடராசர் செப்புத்திருமேனி கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சிதம்பரம் பக்கத்து ஆட்கள் நாம். திரும்பும் நாளில் அதற்கு அரை நாளாவது ஒதுக்குங்கள்.