ஒரே நடிகர், பல வேடம்: காமெடிப் படத்தில் ஷாட் எங்கே சொதப்பும்?

கேமரா பக்கம்
ஒரே நடிகர் இரண்டு வேடத்தில் ஒரே ஷாட்டில் தெரிய, கேமராவை அசைக்காமல் ஒவ்வொரு வேடத்தையும் தனித்தனியாக எடுத்து, பிரேமின் இரண்டு பாதிகளை எடிட்டிங்கில் ஒட்டுவார்கள். எந்த வேடத்தை முதலில் எடுப்பது என்பதில்தான் பாதி வெற்றி இருக்கிறது. பேச்சை இழுத்துக்கொண்டு போகிற வேடத்தை முதலில் எடுங்கள். திருதிருவென்று முழிக்கிற வேடம் பிறகு. சிரிப்பு பெரும்பாலும் முழிக்கிறவர் பக்கம்தான் வரும். எதிராளியின் வேகம் தெரிந்த பிறகுதான் நடிகரால் சரியாக முழிக்க முடியும்.

ட்ரைபாட் கால்களுக்கு மணல் மூட்டை, தரையில் டேப் குறி. கேமரா தானாகவே தெளிவு, வெளிச்சம், நிறம், அசைவு ஆகியவற்றைச் சரிசெய்யும் ஆட்டோ போகஸ், ஆட்டோ எக்ஸ்போஷர், ஆட்டோ ஒயிட் பேலன்ஸ், ஸ்டெபிலைசர் நான்கையும் அணைத்துவிட வேண்டும். ஆள் யாரும் இல்லாத காலி பிரேமைப் பத்து விநாடி எடுத்து வையுங்கள். பிறகு ஒட்டுப்போட அதுதான் கைகொடுக்கும். இரண்டு பாதியும் சேரும் கோடு கதவு நிலையிலோ தூண் விளிம்பிலோ விழட்டும். வெறும் சுவரில் விழுந்தால் வெளிச்ச வித்தியாசம் பளிச்சென்று தெரியும். கோட்டுக்குப் பக்கத்தில் திரைச்சீலை இருந்தால் மின்விசிறியை நிறுத்துங்கள். மேக்கப் மாற்றுவதற்குள் வெயில் நகர்ந்துவிடும் என்பதால் ஜன்னலை மூடி, விளக்கு வெளிச்சத்தில் எடுப்பதே பாதுகாப்பு.

1921-இல் அமெரிக்க மௌனப்பட காமெடி நடிகர் பஸ்டர் கீட்டன் 'தி பிளேஹவுஸ்' படத்தில் ஒரே பிரேமில் ஒன்பது பேராக வந்தார். லென்ஸின் ஒரு பட்டையை மட்டும் திறந்து படமெடுத்து, பிலிமைப் பின்னுக்குச் சுற்றி, அடுத்த பட்டையைத் திறந்து எடுத்தார்கள். கேமராவின் கைப்பிடியைச் சுழற்றி பிலிமை ஓட்டிய ஒளிப்பதிவாளர் எல்ஜின் லெஸ்லி ஒவ்வொரு முறையும் ஒரே சீராகச் சுழற்றியதால்தான் ஒன்பதும் பொருந்தி வந்தன. இன்றைக்கும் அடிப்படை அதேதான்.

எடிட்டிங் பக்கம்
இரண்டாவது டேக்கில் நடிகர் காதுக்கருவியில் முதல் வேடத்தின் வசனத்தைக் கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்வார். அதனால் எதிர்வினை இம்மி பிந்தும், காமெடி செத்துவிடும். இதை எடிட்டிங்கில் சரிசெய்யலாம். கேமரா அசையாமல் இருந்து, யாரும் கோட்டைத் தாண்டாமல் இருந்தால், பிந்துகிற பாதியை மட்டும் ஆறு பிரேம் முன்னதாகவே வரும்படி நகர்த்துங்கள். 24 பிரேம் வேகத்தில் அது கால் விநாடி. மந்தமாக இருந்த முழிப்பு அப்படியே உயிர் பெறும். ஆனால் ஒருவர் கை மற்றவர் தோளில் பட்டுவிட்டால் இந்த வசதி போச்சு. தொடுகிற ஷாட்டைத் தனியாக, டூப்பை வைத்து எடுங்கள்.

முதல் டேக்கில் வசனங்களுக்கு நடுவே தாராளமாக இடைவெளி விடச் சொல்லுங்கள். வெட்டிக் குறைப்பது சுலபம், இல்லாத இடைவெளியை உண்டாக்க முடியாது.

உதவி இயக்கம்
பார்வைக்கோடு, அதாவது ஒரு வேடம் மற்ற வேடத்தின் கண்ணைப் பார்க்கிற திசை, தப்பினால் எந்த கிராபிக்ஸாலும் காப்பாற்ற முடியாது. அதே உயரமுள்ள டூப் நிற்கட்டும். அவர் இல்லாதபோது ஸ்டாண்டில் கண் மட்டத்தில் டேப் ஒட்டுங்கள். ஒரு வேடம் உட்கார்ந்து எழுந்தால் டேப்பும் இரண்டு உயரத்தில் வேண்டும். இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

இருவரும் சேர்ந்து தெரியும் ஷாட் ஒரு காட்சிக்கு ஒன்றிரண்டு போதும். மற்றதெல்லாம் டூப்பின் முதுகுக்கு மேலிருந்து எடுத்தால் யாருக்கும் சந்தேகம் வராது.

மேக்கப்
சொந்தத் தாடியோடு வரும் வேடம் முதலில், மழித்த முகம் பிறகு. பசை போட்டு ஒட்டும் வேடம் எப்போதும் கடைசியில்தான். பிரித்தெடுத்த பிறகு தோல் சிவந்துவிடும், பவுண்டேஷன் சமமாக உட்காராது. ஒட்டு மீசைக்கு உதட்டு ஓரத்திலிருந்து தூரத்தை அளந்து குறித்து, நேராகவும் பக்கவாட்டிலும் போட்டோ எடுத்து வையுங்கள்.

வசனம்
மேக்கப்பை மட்டும் நம்பாதீர்கள். ஆள்மாறாட்டக் கதையில் உடை மாறும், தலைமுடி மாறும், குரல் மட்டும்தான் கூடவே வரும். 1990-இல் வந்த 'மைக்கேல் மதன காமராஜன்' படத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பாருங்கள். காமேஸ்வரனின் பாலக்காட்டுத் தமிழ், ராஜுவின் சென்னைத் தமிழ், மைக்கேலின் கரகரப்பு என்று கமல் யாராகப் பேசுகிறார் என்பது ஒரே வரியில் பிடிபடும். எதிரே நிற்கும் பாத்திரம் குழம்பலாம். பார்ப்பவர் குழம்பிவிட்டால் சிரிப்பு வராது. அதனால் டயலாக் பேப்பரில் ஒவ்வொரு வேடத்துக்கும் அவர் மட்டுமே சொல்லும் இரண்டு மூன்று சொற்களை ஒதுக்கிவிட்டு, மற்ற வேடங்களின் வசனத்தில் அவை எட்டிப்பார்க்கின்றனவா என்று சரிபாருங்கள்.