வட்ஸ்அப்புக்குப் பதிலா என்ன ஆப் நல்லம்? அவசரம்

கல்லடியான்:
வட்ஸ்அப் வேண்டாம் என்று கூட்டாளிமார் எல்லாரும் முடிவெடுத்துவிட்டோம். குறூப்பில் பேசுவது வெளியே போகிறது. பாதுகாப்பான ஆப் ஒன்று சொல்லுங்கள், இலவசமாக. இன்றைக்கே மாற வேண்டும்.

மருதமுனைத் தறி:
எத்தனை பேர்? எல்லாரிடமும் அன்ட்ரொய்டா, ஐபோனும் இருக்கா? வெளிநாட்டில் யாரும் இருக்கிறார்களா?

வாவிக்கரை:
டெலிகிராம் போடுங்க தம்பி. நம்பரை மறைக்கலாம், பெரிய பைலும் போகும்.

பழைய மெக்கானிக்:
மாதம் ஒருக்கா இதே கேள்வி. தேடிப் பார்க்கிற பழக்கம் ஒருத்தருக்கும் இல்லை. டெலிகிராம் குறூப்புக்கு முனைக்கு முனை மறையாக்கம், அதாவது அனுப்புகிறவரும் பெறுகிறவரும் தவிர வேறு யாரும் வாசிக்க முடியாத பூட்டு, கிடையவே கிடையாது. சீக்ரெட் சாட் என்று தனியாகத் திறந்தால்தான் உண்டு, அதுவும் இரண்டு பேருக்குள். படம் இறக்கத்தான் அது லாயக்கு. சிக்னல் என்ற ஆப்புக்குப் போங்கள். 2016 முதல் வட்ஸ்அப் பாவிப்பதும் சிக்னலின் மறையாக்கம்தான், ஆனால் யார் யாரோடு எப்போது பேசினார் என்ற விவரம் அதன் சொந்தக்காரக் கம்பனியான மெட்டாவுக்குத் தெரியக்கூடும். சிக்னலிடம் இருப்பது கணக்குத் தொடங்கிய நேரமும் கடைசியாக இணைந்த நாளும்தான்.

வாவிக்கரை:
சிக்னலும் நம்பர் கேட்கும்தானே அண்ணன்?

பழைய மெக்கானிக்:
பதிவுக்குக் கேட்கும். மற்றவருக்குக் காட்டத் தேவையில்லை, 2024 முதல் பயனர்பெயர் வைக்கலாம். இரண்டும் வேறு வேறு, குழப்ப வேண்டாம்.

அக்கரைப்பற்று நானா:
டேட்டாவை ஒருத்தரும் யோசிக்கல்லயே. எங்கட பொடியன்மாரில் பாதிப்பேர் குறிப்பிட்ட சில ஆப்புக்கு மட்டும் டேட்டா தரும் சோஷியல் மீடியா பேக்கேஜ்தான் போடுவாங்க. அதில் வட்ஸ்அப் ஓடும். சிக்னல் அந்தப் பட்டியலில் இல்லாவிட்டால் சாதாரண டேட்டாதான் கழியும். பார்த்துவிட்டு மாறுங்க.

சம்மாந்துறை வயல்:
2018 மார்ச்சில் கண்டிக் கலவரத்தின்போது பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் எல்லாவற்றையும் முடக்கினார்கள். 2019 ஏப்ரலிலும் அதேதான். பிரையர் என்ற ஆப் போடுங்கள், இன்டர்நெட் இல்லாவிட்டாலும் புளூடூத்தில் போகும்.

பழைய மெக்கானிக்:
கல்லடியிலிருந்து கல்முனைக்குப் புளூடூத் எட்டுமா? ஐபோனில் பிரையரே இல்லை. அந்த நாட்களில் எல்லாரும் விபிஎன், அதாவது வேறு வழியாக இணையத்துக்குப் போக வைக்கும் ஆப், போட்டுத்தானே பேசினோம்.

சம்மாந்துறை வயல்:
இலவச விபிஎன்காரன் உங்கள் டேட்டாவைப் பார்க்க மாட்டான் என்று யார் சொன்னது?

பழைய மெக்கானிக்:
நான் இலவசம் என்று எங்கே சொன்னேன்?

மருதமுனைத் தறி:
அதை விடுங்கப்பா. கல்லடியான், வெளியே போகிறது என்றால் எப்படி? ஒருவர் ஸ்கிரீன்ஷொட் எடுத்து அனுப்பினால் எந்த ஆப்புக்கு மாறியும் பயனில்லை.

கல்லடியான்:
ஏழு பேர். ஒருத்தன் டுபாயில். ஸ்கிரீன்ஷொட் இல்லை. ஒரு கூட்டாளியின் மச்சானுக்கு நாங்கள் பேசியது வரிக்கு வரி தெரிந்திருக்கிறது. அந்த மச்சான் கொமினிகேஷன், அதாவது பிரின்ட், போட்டோகொப்பி எடுக்கும் கடை, வைத்திருக்கிறார்.

மருதமுனைத் தறி:
அங்கே பிரின்ட் எடுக்க, கடைக் கணினியில் வட்ஸ்அப் வெப் திறந்தாரா உங்கள் கூட்டாளி? அவருடைய போனில், அன்ட்ரொய்ட் என்றால் மேலே மூன்று புள்ளியை அழுத்தி, இணைத்த கணினிகளின் பட்டியலான லிங்க்ட் டிவைசஸ் பாருங்கள். லொக் அவுட் பண்ணாமல் விட்டால் அது திறந்தபடியே இருக்கலாம்.

கல்லடியான்:
இருக்கு. குரோம், விண்டோஸ். கடைசியாகப் பாவித்தது இன்று காலை. லொக் அவுட் பண்ணியாச்சு. நன்றி.

பழைய மெக்கானிக்:
முதலிலேயே சொல்லியிருக்கலாம். சிக்னலிலும் கணினியை இணைக்கலாம். அங்கேயும் அந்தப் பட்டியலைப் பாருங்கள்.

வாவிக்கரை:
அப்ப ஆப் மாறுறீங்களா இல்லையா?

சம்மாந்துறை வயல்:
மெக்கானிக் அண்ணன், காசு கொடுத்து எடுக்கிற விபிஎன் எது நல்லம் என்று இன்னும் சொல்லவில்லை.